ஈரநெஞ்சு பெண்களுக்கு மட்டுந்தானா?

"தாயுள்ளம்" என்கிறோம். "தந்தையுள்ளம்" என்று சொல்பவர் அரிது. "கல்நெஞ்சன்" என்ற சொல்லுக்குக் "கல்நெஞ்சக்காரி" என்று பெண்பாலும் உண்டுதான். ஆனால் பின்னதைச் சொல்லும்போதுதான் நம் குரலில் அதிர்ச்சி தோன்றுகிறது. ஆண் கல்லாயிருந்தால் அது அவன் சுபாவம், பெண் கல்லாயிருந்தால் அது இயற்கைக்கே மாறு என்று நம் பேச்சு வழக்கே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது போலும்!

இந்தத் தீர்ப்பை நம் வணிகச் சகோதரர்கள் மிக்க வசதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் இரண்டு நாட்களாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், "உம்மாவைக் கேட்கச் சொல்" என்கிறோம். ஊரிலிருந்து தொலைபேசி வந்தது முதல் கடைச் சிப்பந்தி ஒருவன் முகம் வாடிக் கிடந்தால், "அவனவன் வீட்டு விவகாரம், நமக்கென்ன தெரியும்?" என்கிறோம். ஜமாஅத்தில் ஒரு குடும்பம் தலைவனை இழந்து நின்றால், ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்று, ஒரு தொகையையும் உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, "மற்றதைப் பெண்டுகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கடைக்குத் திரும்பிவிடுகிறோம். இரக்கமில்லாமையால் அல்ல. எதிரில் நிற்பவரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் அந்த நுட்பமான வேலை பெண்ணுக்கென்று அல்லாஹ் ஒதுக்கியது என்ற எண்ணத்தினால்தான்.

இந்த உணர்வை அறிஞர்கள் ஒத்துணர்வு என்பர். பரிதாபப்படுவது வேறு, இது வேறு. கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பது பரிதாபம். அவனுக்கு இப்போது குளிர்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, எதைக் கண்டு அஞ்சுகிறான் என்று உள்ளத்தால் அறிவது ஒத்துணர்வு.

அண்மைக் காலத்தில் நம் பழைய எண்ணத்துக்கு ஒரு விஞ்ஞானச் சட்டையும் கிடைத்திருக்கிறது. மூளையில் கண்ணாடி நரம்பணுக்கள் என்று ஒருவகை உண்டாம். பிறர் வலியை நம் வலியாகக் காட்டுபவை அவைதானாம். அவை பெண்களுக்கு மிகுதியாம், ஆண்களுக்குக் குறைவாம். ஆகவே ஆணைக் குறைசொல்லிப் பயனில்லையாம்! கைத்தொலைபேசியில் இத்தகைய செய்தி வந்தால் நாமும் ஒரு புன்னகையோடு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

மூட்டையின் மேலுள்ள முத்திரையைப் பார்த்து விலை கொடுப்பவர் நம்மில் யாருமில்லை. கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஊதிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். இந்த மூட்டையையும் அப்படிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இது மெய்யானால் விளைவு சிறிதன்று. ஆணுக்கு ஒரு கடமை தள்ளுபடியாகிறது. அதே கடமை பெண்ணின் தலையில் இரட்டிப்பாக ஏறுகிறது.

இத்தாலி நாட்டில் பார்மா என்றொரு நகரம். அங்குள்ள பல்கலைக் கழகத்தில் ஜியாகோமோ ரிஸ்ஸோலாட்டி என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் குரங்குகளின் மூளையை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். கை ஒரு பொருளைப் பற்றும்போது மூளையில் எந்த நரம்பணு வேலை செய்கிறது என்று கண்டறிவதே அவர்கள் நோக்கம். மிக நுண்ணிய மின்முனைகளைக் கொண்டு ஒவ்வோர் அணுவின் துடிப்பையும் கவனித்து வந்தார்கள். அப்போது ஒரு விந்தையைக் கண்டார்கள். குரங்கு சும்மா இருக்கிறது. ஆராய்ச்சியாளர் ஒருவர் உணவுத் துண்டைக் கையால் எடுக்கிறார். குரங்கு தானே எடுக்கும்போது துடிக்கும் அதே அணு, அவர் எடுப்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே துடித்தது! இச்செய்தி 1992-இல் வெளியாயிற்று. 1996-இல் அந்த அணுக்களுக்குக் கண்ணாடிப் பெயர் வந்து சேர்ந்தது. பிறர் செயல் நம் மூளையில் நம் செயல்போலவே நிழலாடுகிறது என்பது பொருள்.

அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதன்மேல் எழுந்த மாளிகையோ பெரிது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற மூளையியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இந்த அணுக்கள் செய்யும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். நம்மூரார் என்பதால் நமக்கும் பெருமைதான். ஆயினும் எல்லாரும் அதை ஒப்பவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் கிரிகரி ஹிக்காக் 2014-இல் ஒரு புத்தகமே எழுதி, இந்த அணுக்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் பெரும்பகுதி கட்டுக்கதை என்று வாதாடினார். ஒரு செயலைத் தாம் செய்ய இயலாதவர்களும், அதைப் பிறர் செய்யும்போது புரிந்துகொள்கிறார்களே என்பது அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று.

மனிதரிடத்தில் ஓர் அணுவின் துடிப்பை நேரே பார்ப்பது எளிதன்று. மண்டையைத் திறக்க யார் இசைவார்? வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் ஏற்கெனவே மின்முனை வைக்கப்பட்டிருந்த 21 நோயாளிகளைக் கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் 2010-இல் அத்தகைய அணுக்கள் மனிதருக்கும் உண்டு என்று காட்டினார்கள். ஆனால் ஆண் மூளையில் இத்தனை, பெண் மூளையில் இத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை. தைவான் நாட்டார் 2008-இல் தலையின் மேற்புறத்தில் மின்னலைகளை அளந்து, பிறர் கையசைவைப் பார்க்கையில் பெண்களிடம் மாறுதல் மிகுதி என்று கண்டார்கள். அது வெளியிலிருந்து கேட்ட ஓசைதான். கடைக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து வியாபாரத்தை மதிப்பிடுவது போன்றது. தவிரவும், கை உணவை எடுப்பதைக் கண்டு மூளை துடிப்பது ஒன்று. விதவையின் மௌனத்தைக் கண்டு நெஞ்சு துடிப்பது மற்றொன்று. பிறர் வலியைக் காணும்போது மூளையில் விழித்துக்கொள்ளும் பகுதிகளே வேறு. ஆகவே கண்ணாடி அணுவையும் கருணையையும் ஒன்றாக்கி விற்பவர்கள் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சரி, அணுக்கள் கிடக்கட்டும். ஆண் பெண் வேறுபாடு உண்டா இல்லையா?

உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் முன்னின்று நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 57 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்குக் கண்களின் படத்தை மட்டும் காட்டி, அந்தக் கண்களுக்கு உரியவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். 36 நாடுகளில் பெண்கள் சராசரியில் முந்தினார்கள். 21 நாடுகளில் இரு பாலாரும் ஏறக்குறையச் சமம். ஆண்கள் முந்திய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஆண்கள் சராசரியில் பெண்களைவிட உயரம் என்பதால், நம் வீட்டுப் பெண்பிள்ளை அடுத்த வீட்டுப் பையனைவிடக் குள்ளமாயிருப்பாள் என்று முடிவுகட்ட முடியுமா? பெண்களில் முகம் அறியாதவரும், ஆண்களில் முகம் அறிந்தவரும் எத்தனையோ பேர். 46,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட மற்றோர் ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. மனிதருக்கு மனிதர் ஒத்துணர்வில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கே மரபணு காரணம் என்று அதில் கண்டார்கள்.

இனி, எப்படி அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான்சி ஐசன்பர்க், ராண்டி லெனன் என்ற இரு அறிஞர்கள் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 1983-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். "பிறர் துன்பம் உங்களை வருத்துமா?" என்று வாயால் கேட்டபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம். கேட்காமல், நாடித்துடிப்பு முதலியவற்றால் அளந்தபோதோ, அறியாமல் முகத்தைக் கவனித்தபோதோ, அந்த வித்தியாசத்தைக் காணோம்! "உன் தராசு சரியா?" என்று கடைக்காரனையே கேட்டு எழுதிக்கொண்டது போன்றதுதான் முதல் வகை. இரக்கமுள்ளவள் என்று சொல்லிக்கொள்வது பெண்ணுக்கு அழகு. அதையே ஆண் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். விடையும் அதற்கேற்ப வந்தது.

வணிகர்களாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக் கழகத்தில் கிறிஸ்டி க்ளைன், சாரா ஹாட்ஜஸ் என்ற இருவர் நடத்தி 2001-இல் வெளியிட்டது அது. படிப்பில் தனக்கு நேர்ந்த பின்னடைவைப் பற்றி ஒரு பெண் பேசும் படத்தைக் காட்டி, ஒவ்வோர் இடத்திலும் அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். அவளோ முன்பே தன் மனத்தில் ஓடியதை எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால் விடை சரியா தவறா என்று பார்க்க முடிந்தது. "அவளுக்காக நீங்கள் எவ்வளவு வருந்துகிறீர்கள்?" என்று முதலில் கேட்டுவிட்டு எழுதச் சொன்னால் பெண்கள் நன்றாக எழுதினார்கள், ஆண்கள் பின்தங்கினார்கள். அடுத்து ஒரு காரியம் செய்தார்கள். சரியாக எழுதினால் பணம் என்றார்கள்! இரு பாலாரும் முன்னிலும் நன்றாக எழுதினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி அடியோடு மறைந்துவிட்டது.

இதைப் படித்து நகைப்பதா, நாணுவதா? அந்த ஆண்களின் மூளையில் சில நிமிஷங்களில் புதிய அணுக்கள் முளைத்துவிடவில்லை. இருந்த கண் திறந்தது, அவ்வளவே.

பெட்டியடியில் அமர்ந்திருக்கும் நம் முதலாளியைப் பாருங்கள். தாயும் மகளுமாக இருவர் ஜவுளிக் கடைக்குள் நுழைகிறார்கள். மகளின் விரல் எந்தப் புடவையின் கரையில் ஒரு கணம் நின்றது, தாயின் கண் எந்த விலைச் சீட்டில் ஒரு கணம் சுருங்கியது, இவ்விரண்டையும் அவர் அங்கிருந்தே பார்த்துவிடுகிறார். மகளின் மனம் நோகாமல், தாயின் பையும் நோகாமல், நடுவிலுள்ள புடவையை எடுத்துப் போடச் சொல்கிறார். நாணய மாற்றுக் கடைக்காரர், எதிரில் நிற்பவர் விமானத்துக்கு அவசரப்படுகிறாரா, அல்லது நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வந்தவரா என்பதை அவர் வாய் திறக்குமுன்னே அறிவார். "பிறகு வருகிறேன்" என்று சொல்பவர்களில் மெய்யாகவே வரப்போகிறவர் யார் என்பது மளிகைக் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். இதுவா ஒத்துணர்வு இல்லாத மூளை? பத்து மணி நேரம் முகங்களைப் படித்துவிட்டு வந்த மனிதர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் படிப்பையும் கழற்றி வைத்துவிட்டு, "பெண்கள் மனத்தை யாரால் அறியமுடியும்?" என்கிறாரே, அதைத்தான் நான் ஒப்ப முடியவில்லை.

களைப்பு என்று சொல்லலாம். அது உண்மைதான். நாள் முழுதும் பிறர் முகம் பார்ப்பதும் ஓர் உழைப்பே. ஆனால் அதே உழைப்பை, அதே களைப்புடன், வீட்டில் இருப்பவளும் செய்கிறாள் அல்லவா?

மற்றோர் ஆராய்ச்சி ஆண்களுக்கு இன்னும் கடினமானது. லண்டனில் தானியா சிங்கர் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் 2006-இல் வெளியிட்டது. 16 ஆண்கள், 16 பெண்கள். அவர்களை முதலில் பணம் வைத்து ஓர் ஆட்டம் ஆடச் செய்தார்கள். நம்பிக் கொடுத்த பணத்துக்கு ஒருவர் நியாயமாகப் பங்கு திருப்பித் தருவார், மற்றவர் ஏமாற்றுவார். பிறகு அந்த இருவர் கையிலும் மின்சாரத்தால் சிறு வலி உண்டாக்கி, பார்ப்பவர் மூளையைக் கருவியால் படம் பிடித்தார்கள். நியாயமானவர் வலியால் துடித்தபோது ஆண், பெண் இரு சாராரின் மூளையும் உடன் வருந்தியது. ஏமாற்றியவர் துடித்தபோதும் பெண்களின் மூளையில் அந்த வருத்தம் அதிகம் குறையவில்லை. ஆண்களிடமோ அது வெகுவாகக் குறைந்தது. குறைந்தது மட்டுமன்று, பரிசு கிடைத்தால் மகிழும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டது! பழிவாங்கும் ஆசை எவருக்கு மிகுதியோ அவருக்கு அந்த விழிப்பும் மிகுதி.

இது ஆணின் குறையா, நிறையா? அவசரப்பட்டுச் சொல்வதற்கில்லை. வாணிபம் முழுவதும் நம்பிக்கையின் மேல் நிற்பது. வாங்கிய சரக்குக்குப் பணம் தராமல் ஊர் மாறிப் போனவனிடம் நாலு பேர் கண்டிப்பாக இராவிட்டால், நாணயமானவன் பிழைக்க முடியாது. ஏமாற்றியவனிடத்திலும் இளகும் உள்ளம் சில வேளை ஏமாற்றுக்காரனுக்கு நல்ல மேய்ச்சல் நிலமாகிவிடும். ஆகவே பெண்ணின் மூளை உயர்ந்தது, ஆணின் மூளை தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆராய்ச்சியாளர்களே, தாங்கள் கொடுத்தது உடல் வலி என்பதால் ஆண்கள் அப்படி இருந்திருக்கலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள்.

ஆனால் தண்டிப்பது வேறு, தண்டனையைச் சுவைப்பது வேறு. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுங்கள், தள்ளிவிடுவது இன்னும் நல்லது என்பது திருமறையின் கட்டளை. இக்கட்டளையை நிறைவேற்ற வேண்டுமானால், கொடுக்க முடியாதவன் யார், கொடுக்க மனமில்லாதவன் யார் என்று பிரித்தறிய வேண்டும். எப்படி அறிவது? அவனைப் பார்த்து, அவன் நிலையில் ஒரு கணம் நின்று, அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். கோபம் வந்தவுடன் மூடிக்கொள்வது சரியாக அந்தக் கண்தான். இரண்டு மாதம் தவணை தவறியவுடன் "கள்ளன்" என்று பேரேட்டில் முடிவு எழுதிவிடுகிறோம். அதன் பிறகு அவன் சொல்வதெல்லாம் கள்ளப் பேச்சாகவே காதில் விழுகிறது. கட்டளைக்குக் கீழ்ப்படியும் வாசலையே நாம் அடைத்துவிடுகிறோம். இந்த இடத்தில் நம்மைவிட நம் வீட்டுப் பெண்கள் தெளிவாகப் பார்க்கக்கூடும். கடன்காரர்களின் பட்டியலை வீட்டில் மனைவியிடம் வாசித்துக் காட்டும் முதலாளி ஒருவர்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். அரபு மொழியில் கருப்பைக்கும் இரத்த உறவுக்கும் "ரஹிம்" என்று பெயர். கருணை "ரஹ்மத்". இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ரஹ்மான் என்னும் தன் திருநாமத்திலிருந்தே அந்தப் பெயரை எடுத்ததாக இறைவன் கூறுவதாய் நபிமொழியும் உண்டு. கருணையின் முதல் வீடு தாயின் வயிறு என்பது இதனால் விளங்குகிறது. அந்த வயிற்றிலிருந்து வந்தவர்கள் பெண்கள் மட்டுமல்லவே!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைப் பார்த்த அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்ற தலைவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் என்றும், ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்றும் சொன்னார். பெருமையாகவே சொல்லியிருக்க வேண்டும். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. ஆண்மையின் அடையாளம் என்று அவர் கருதிய ஒன்று அங்கே குறையாக எண்ணப்பட்டது. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் மைந்தர் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானாரின் கண்கள் நீர் சொரிந்தன. "தாங்களுமா?" என்று வியந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். நம்மவர் கவனிக்க: அவர் மதீனத்துப் பெருவணிகர். இது ரஹ்மத் என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம்.

இவையேனும் தம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றியவை. மற்றொன்று இன்னும் நுட்பமானது. நீண்ட நேரம் தொழ எண்ணித் தொழுகையைத் தொடங்குவார்கள். எங்கிருந்தோ ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். தொழுகையில் நிற்கும் அதன் தாய் எவ்வளவு தவிப்பாள் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். குழந்தை தம்முடையதன்று, தாயின் முகமும் தெரியாது, முன்னே நிற்பவர் இமாம், இருப்பதோ தொழுகையில்! "வேலையில் இருக்கிறேன், பிறகு பார்க்கலாம்" என்பதற்கு இதைவிடப் பெரிய வேலை எது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மிடம் எப்போது மகிழ்வாக இருக்கிறார்கள், எப்போது மனத்தாங்கலாக இருக்கிறார்கள் என்பது தமக்குத் தெரியும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கூறினார்களாம். எப்படி என்று அன்னை கேட்டார்கள். மகிழ்வான வேளையில் சத்தியமிட்டால் முஹம்மதின் இறைவனைச் சொல்லியும், மனத்தாங்கலான வேளையில் இப்ராஹீமின் இறைவனைச் சொல்லியும் சத்தியமிடுகிறார்கள் என்பதே விடை. ஓர் அரசையும் ஒரு சமுதாயத்தையும் தோளில் சுமந்தவர், மனைவியின் சத்தியத்தில் மாறிய ஒரே ஒரு பெயரைக் கவனித்து வைத்திருந்தார்கள். அன்னையும் அது உண்மையே என்று ஒப்புக்கொண்டார்கள். நம்மில் எத்தனை பேர், மனைவி "சரி" என்று சொல்லும் இரண்டு விதங்களை வேறுபடுத்தி அறிவோம்?

இங்கே ஒருவர் மறித்துக் கேட்கலாம். "உணர்ச்சியைக் கட்டளையிட முடியுமா? ஐந்து வேளை தொழு என்றால் தொழலாம். மனம் இளகு என்றால் இளகுமா?" நியாயமான கேள்விதான். தம் உள்ளம் இறுகிக் கிடப்பதாக முறையிட்ட ஒருவருக்கு, அநாதையின் தலையைத் தடவும்படியும் ஏழைக்கு உணவளிக்கும்படியும் பெருமானார் வழி சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. உணர் என்று சொல்லவில்லை, செய் என்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதே பாதையைத்தான் விரிக்கிறார்கள்: கொடையாளியாக விரும்புகிறவன் முதலில் வலிந்து கொடுக்க வேண்டும், கொடுத்துக் கொடுத்தே அது இயல்பாகிவிடும். ஆரிகன் பல்கலைக் கழகத்தில் பணத்தால் திறந்த கண், பழக்கத்தாலும் திறக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழக்கத்துக்குக் கொஞ்சம் நாளாகும்.

நம் சமுதாயத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. கடையநல்லூராரைப் போலக் குடும்பத்தோடு வந்தவர்கள் நீங்கலாக, நம் முன்னோரில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே கப்பலேறிய சபராளிகள். கடையின் மேல்மாடியில் பத்துப் பதினைந்து ஆண்கள். பெண் வாசனையே இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்தவர் யார்? புதிதாய் வந்த பையன் இரவில் போர்வைக்குள் அழுதால் அறிந்தவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், எந்தச் செய்தியை எழுதினால் ஊரில் இருப்பவள் கலங்குவாள் என்று எண்ணி எதை விட்டு எழுதினார்? எல்லாம் ஆண்களே. கடமையைப் பங்கு போட்டுக்கொள்ளப் பெண்கள் அருகில் இல்லாதபோது அவர்களிடம் தாயுள்ளம் எங்கிருந்தோ வந்துவிட்டது. குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகு, அது நமக்குத் தேவையற்ற சரக்காகிக் கிட்டங்கியின் மூலைக்குப் போயிற்று.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு நுண்ணுணர்வு மிகுதி என்று மேடையில் புகழ்கிறவர்கள், அந்த நுண்ணுணர்வை நோயாளியின் கட்டிலருகே நிற்கத்தான் பயன்படுத்துகிறார்களே தவிர, ஆலோசனை மன்றத்தில் நாற்காலி போடுவதில்லை. ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபோது தோழர்கள் மனம் உடைந்து, பலியிடும்படி நபிகளார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அந்த ஆண்களின் உள்ளத்தை அறிந்து வழி சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று, தாமே முதலில் பலியிட்டுத் தலைமுடி களையும்படி கூறினார்கள். அப்படியே செய்தார்கள்; அனைவரும் எழுந்து பின்பற்றினார்கள். அது வீட்டு விவகாரமன்று. ஒரு சமுதாயத்தின் நெருக்கடி. பெண்ணின் ஒத்துணர்வு மெய்யென்றால் அதை ஜமாஅத்தின் உதவிக் குழுவில் அமர்த்துங்கள். அது மெய்யில்லையென்றால் அதைச் சாக்காக வைத்து நோயாளிகளையெல்லாம் மருமகள் தலையில் கட்டாதீர்கள்.

இதைச் சங்கத்தின் காரியமாகவே முன்வைக்கிறேன். ஒரு வணிகச் சகோதரர் மௌத்தானால் இத்தா இருக்கும் அவர் மனைவியைப் பார்க்கப் பெண்கள் போகிறார்கள், அழுகிறார்கள், தேற்றுகிறார்கள். ஆனால் அவளை இரவில் தூங்கவிடாதது கடையின் கணக்கு. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், வாடகை எந்த மாதம்வரை கட்டியிருக்கிறது, பிள்ளையின் படிப்புக்கு மிஞ்சுமா என்பதெல்லாம். தேற்ற வரும் பெண்களில் பலருக்கு அந்தப் பேரேட்டை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நாமோ, உறையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறோம். அவளுடைய சகோதரரையோ மகனையோ உடன் வைத்துக்கொண்டு, பெண்கள் சூழ அவள் திரைக்கப்பால் இருக்க, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, அவள் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் நின்று விடை சொல்லிவர, கணக்குத் தெரிந்த இரண்டு ஆண்களும், அவள் மனம் தெரிந்த இரண்டு பெண்களும் தேவை. அவர்கள் யார் யார் என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லித் தீர்மானிக்கலாம்.